ஏற்றத்தில் இழுக்காத கெப்: பழைய டீசல் வண்டியின் எஞ்சின், கியர் வருத்தங்கள் அறிகுறி வாரியாக

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி, டேர்போ கிடையாது, ஐந்து கியர், தேவைப்பட்டால் நான்கு சக்கர இழுவை. பிக்கப் என்று எழுதினாலும் எங்கள் வாயில் வருவது கெப் தான். கந்தப்பளையில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு நுவரெலியா, லபுக்கலை, இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும். திரும்பும்போது உரமோ சீமெந்தோ ஏற்றிக்கொண்டு அதே மலையில் ஏறும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது, இந்த வண்டியை இனி விற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தது. புதிய கெப்பின் விலையைக் கேட்டுவிட்டு அதே முடிவில் நிற்கிறேன்.

மலைநாட்டில் வண்டிக்கு வருத்தம் வந்தால் நான் முதலில் கேட்பது, அது எந்த இடத்தில் வந்தது என்று. காலையில் முற்றத்திலா, ஏற்றத்திலா, இறக்கத்திலா? பாதி விடை அதிலேயே வந்துவிடும். மீதிப் பாதிக்குப் பெரும்பாலும் ஒரு டோர்ச், ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு துண்டு வயர், நான்கைந்து ஸ்பானர் போதும். எஞ்சினைப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால், கீழே உள்ளதையெல்லாம் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

ஜனவரி மாதம் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் காலைகளில் எந்தப் பழைய டீசலும் முரண்டு பிடிக்கும். முதலில் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தைக் கவனியுங்கள். மெதுவாக முனகிச் சுற்றினால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். பெட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, பெட்டரியில் இருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது முடிந்துபோன பெட்டரி. கடல் மட்டத்தில் இன்னும் ஒரு வருஷம் ஓடக்கூடியது இங்கே டிசம்பரோடு படுத்துவிடும்.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் சைலன்ஸரைப் பாருங்கள். இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நில்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். குற்றவாளி பெரும்பாலும் ஹீட்டர் பிளக், அதாவது குளிர்ந்த எஞ்சினுக்குள் சூடு கொடுக்கும் பிளக். புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க, நான்கையும் சேர்த்துப் பிடிக்கும் தகட்டைக் கழற்றுங்கள். பல்பின் ஒரு வயரைப் பெட்டரியின் பிளஸ்ஸில் வைத்து, மற்ற வயரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் அந்தப் பிளக்கின் சுருள் அறுபடவில்லை. எரியாதது செத்தது. நான்கில் ஒன்று செத்தால் வண்டி இருமி இருமிப் பிடிக்கும், இரண்டு செத்தால் குளிர் நாளில் பிடிக்காது. புதிதாக வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் வோல்ட்டைப் பார்த்து அதையே வாங்குங்கள். டொயோட்டாவிலேயே 6 வோல்ட் பிளக் வரும் எஞ்சின்களும் உண்டு. அளவு ஒன்று போலத்தான் இருக்கும், மாற்றிப் போட்டால் ஒன்று எரிந்துபோகும், அல்லது சூடாகவே ஆகாது.

புகையே வரவில்லை என்றால் சாவியை ஒன் நிலைக்குத் திருப்பி, டீசல் பம்பின் தலையில் உள்ள, டீசலைத் திறந்து மூடும் கட்-ஓஃப் சொலினாய்டைக் கேளுங்கள். டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதற்கு வரும் வயரைப் பாருங்கள். என் வண்டியில் அந்த வயரை ஒருமுறை எலி கடித்திருந்தது. கரட் மூட்டைக்காக வந்த எலி.

ஸ்டார்ட் ஆகி, ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது

இது காற்று புகுந்த வண்டி. எங்கள் ஊரில் சமதரை என்பது அபூர்வம். வண்டி மூக்கை மேலே வைத்து நின்றால் எஞ்சின் மேலே, டீசல் தாங்கி கீழே. எங்காவது ஒரு ஹோஸிலோ, ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பின் ரப்பரிலோ கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தால், இரவு முழுக்க டீசல் மெல்லத் தாங்கிக்குத் திரும்பிவிடும். அதன் இடத்தைக் காற்று பிடிக்கும். காலையில் பம்புக்குள் மிச்சமிருந்த டீசலில் ஒரு நிமிஷம் ஓடி, பிறகு நின்றுவிடும்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஓரிரவு வண்டியைத் திருப்பி, மூக்கு கீழே பார்க்க நிறுத்துங்கள், டயருக்குக் கல் வைத்துவிட்டு. மறுநாள் காலை ஒழுங்காகப் பிடித்தால், கசிவு தாங்கிக்கும் பம்புக்கும் இடையில்தான். கைப்பம்பை அழுத்தி அது கல் மாதிரி இறுகுகிறதா என்றும் பாருங்கள். அழுத்த அழுத்த மெத்தென்று இருந்தால் காற்று இழுக்கிறது. சந்தேகமான இடத்தில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு சாண் போட்டுப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் மொத்தமாக மாற்றிவிடுவதுதான் நிம்மதி. ஒவ்வொன்றாகத் தேடினால் ஒரு மாதம் போய்விடும்.

ஏற்றத்தில் இழுவை குறைகிறது, புகை இல்லை

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில், டீசல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்த காலம். வரிசையில் கிடைக்காதபோது யாரோ பீப்பாயில் வைத்திருந்ததை வாங்கி ஊற்றினோம். சில மாதங்களுக்குப் பிறகு, புசல்லாவை தாண்டி இறம்பொடை ஏற்றம் பிடித்தால் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரத்தில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல் ஏறும். ஃபில்டர் மாற்றினேன். அதே கதை. "அண்ணே, பம்பு போயிடுச்சு, கழட்டுவோம்" என்றார் மெக்கானிக் தம்பி. விலையைக் கேட்டு ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்.

அந்த ஒரு வாரம்தான் பணத்தைக் காப்பாற்றியது. 'நிறுத்தினால் சரியாகிறது' என்ற விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. தேய்ந்த பம்பு பத்து நிமிஷ ஓய்வில் சுகமாகாது. கடைசியில் தாங்கியைக் கழற்றிப் பார்த்தோம். உறிஞ்சும் குழாயின் வலையில் கறுப்பாக ஒரு கூழ், கூடவே துருத் தூள். எஞ்சின் பலமாக உறிஞ்சும்போது அழுக்கு வந்து வலையை மூடும். எஞ்சின் நின்றதும் விழுந்துவிடும். தாங்கியைக் கழுவி, வலையைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டதோடு முடிந்தது.

தாங்கியைக் கழற்றாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து லீட்டர் கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, எஞ்சின் அறைக்குள் அசையாமல், சூடான பாகங்களில் படாமல் கட்டுங்கள். ஃபில்டருக்கு வரும் ஹோஸையும் பம்பில் இருந்து திரும்பும் ஹோஸையும் அந்தக் கேனுக்குள் விடுங்கள். அதே ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். நன்றாக இழுத்தால் குறை தாங்கிப் பக்கம். இழுக்காவிட்டால் ஃபில்டர், அதன் பிறகு பம்பு என்று போகலாம். இது டீசலுக்கு மட்டும். பெற்றோல் வண்டியில் செய்து பார்க்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறும்வரை அது டீசலைவிட மிக மலிவு, கலந்து ஓட்டியவர்கள் பலர். இந்தப் பம்புகளுக்குள் தனி ஒயில் கிடையாது, டீசல்தான் உள்ளே வழுக்கல் தருகிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் போதாது. சூடான பிறகு ஸ்டார்ட் ஆக மறுத்து, பம்பின் மேல் குளிர்ந்த ஈரத்துணி போட்டதும் பிடிக்கிற வண்டி என்றால், அதன் பம்பு உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

கறுப்புப் புகை

காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடிவிட்டது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சின் அந்தக் குறைந்த காற்றைத்தான் இழுக்கிறது, பம்போ கொழும்பில் கொடுத்த அளவு டீசலையே கொடுக்கிறது. ஆகவே பாரத்தோடு மலையுச்சியில் கொஞ்சம் கறுப்பு வந்தால் அதை நோய் என்று சொல்ல மாட்டேன். கம்பளையிலும் அதே அளவு வந்தால்தான் நோய்.

அப்போது ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். தோட்டப் பாதைப் புழுதியில் ஓடும் வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. அதற்கும் அடங்காவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களைச் சோதனை மேசையில் போட்டுப் பார்க்க வேண்டும், பூவாகத் தூவ வேண்டியது சொட்டுச் சொட்டாக ஒழுகக்கூடும். இன்னொரு காரணமும் உண்டு: இழுவை கூடட்டும் என்று பம்பின் டீசல் ஸ்க்ரூவை யாராவது முறுக்கியிருப்பார்கள். இழுவை கூடும், உண்மைதான். கூடவே வெப்பமும் ஏறும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

நீலப் புகை

ஒயில் எரிகிறது. காலையில் ஒரு தடவை பொங்கிவிட்டு நின்றால் வால்வு சீல், ஒயில் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். ஏற்றம் முழுக்க நீலமாகவே வந்தால் பிஸ்டன் ரிங். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வையுங்கள். மூடி துள்ளி, உள்ளிருந்து புகை வேகமாக வந்தால் சந்தேகம் உறுதி.

வெப்ப ஊசி சிவப்புக்குப் போகிறது

முதலில் ரேடியேட்டர் மூடி. சிரிக்காதீர்கள். திறந்த பாத்திரத்தில் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் நல்ல மூடி இருந்தால் 115 பாகை அளவு வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தால் இந்த இடைவெளி முழுவதும் போய்விடும். கடற்கரையில் ஓடும் வண்டி ஓட்டை மூடியோடு எப்படியோ சமாளிக்கும், மலையில் பாரத்தோடு ஏறும் வண்டியால் முடியாது.

அடுத்து விசிறி. எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, துணி சுற்றிய கையால் விசிறியைச் சுண்டுங்கள். பிசின் பிடித்தது போல் சட்டென்று நிற்க வேண்டும். நாலைந்து சுற்று சுதந்திரமாகச் சுற்றினால் அதன் ஃபேன் கிளட்ச் போய்விட்டது. பெல்ட் தளர்வையும், ரேடியேட்டரின் முன்பக்கம் சேறும் புல்லும் அடைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் கராஜ்களில் ஒரு சம்பிரதாயம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குளிர் மலையில் தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் எஞ்சின் சூடேறாமலே ஓடி, டீசலைத் தின்று, சிலிண்டரைத் தேய்க்கும். சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். 82 பாகை வாக்கில் திறக்கத் தொடங்கினால் அது நல்லது. பழையபடி பூட்டுங்கள்.

எஞ்சினின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் காஸ்கட் போயிருக்கிறதா என்று அறிய, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது மூடி போட்ட ஆறிய எஞ்சினில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அதுதான் எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டிய நேரம். கழற்றினால் வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்காமல் பூட்ட விடாதீர்கள்.

வழியில் ஊசி ஏறிவிட்டால்: ஓரம் கட்டி, கொதிக்கவில்லை என்றால் ஓரிரு நிமிஷம் ஐட்லிங்கில் விடுங்கள், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடுங்கள். கொதித்துவிட்டால் அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருங்கள். இறம்பொடையில் பக்கத்திலேயே அருவித் தண்ணீர் ஓடும், போத்தலோடு இறங்கத் தோன்றும். கொதிக்கும் எஞ்சினில் அந்தப் பனித்தண்ணீர் பட்டால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். சூடான மூடியைத் திறந்தால் வெந்துபோவது உங்கள் முகம்.

ஒயில் மூடிக்கு அடியில் பால் போல் படிகிறது

கொழும்புக்காரர் பார்த்தால் ஹெட் காஸ்கட் என்று கத்துவார். இங்கே கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில், குளிரில் ஈரம் படிந்து இப்படி வருவது சாதாரணம். ஒயில் குச்சியை உருவிப் பாருங்கள். குச்சியில் ஒயில் சுத்தமாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை என்றால், ஒருநாள் தூரப் பயணம் போய் வந்தால் சரியாகிவிடும். குச்சியிலும் பால் என்றால் ஓட்டாதீர்கள். குச்சியைச் சமதரையில் பார்க்க வேண்டும், சரிவில் நிற்கும் வண்டியின் குச்சி பொய் சொல்லும்.

எஞ்சினில் தட்டும் சத்தம்

எந்த சிலிண்டர் என்று பார்க்க, ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் கால் சுற்று தளர்த்தி உடனே இறுக்குங்கள். தளர்த்தும்போது ஓட்டம் குலைந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. தட்டல் நின்றால் குறை அங்கேதான், பெரும்பாலும் அந்த இன்ஜெக்டர். ஓட்டத்திலும் சத்தத்திலும் மாற்றமே இல்லை என்றால் அது ஏற்கனவே எரியாத சிலிண்டர். முகத்தையும் கையையும் விலக்கி, கண்ணாடி போட்டுச் செய்யுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், சிறு துளைதானே என்று விட்டால் விரலை இழக்க நேரிடும்.

இந்த எஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. 2எல், 3எல் எஞ்சின்களுக்குப் பொதுவாக 1 இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். மிட்சுபிஷி 4டி56 எஞ்சின் வைத்திருப்போர் உள்ளே இருக்கும் இரண்டாவது சின்ன பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கினால் மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்பாமல், வாங்கிய வாரமே பெல்ட்டைப் போடுங்கள்.

எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்காம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் தட்டு முடிந்தது, அல்லது அதில் ஒயில் பட்டிருக்கிறது. ஒயில் என்றால் எஞ்சினின் பின் சீலையும் கியர் பெட்டியின் முன் சீலையும் சேர்த்து மாற்றாமல் புதுத் தட்டு போடுவது வீண். ஹட்டன் நகரத்துச் சன நெரிசலில், ஏற்றத்தில், பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

கியர் விழவில்லை, கடிக்கிறது

எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அணைத்தால் சுலபமாக விழுந்து, ஓடும்போது விழாவிட்டால் கியர் பெட்டியில் குறையில்லை, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. மேலும் கீழும் உள்ள கிளட்ச் சிலிண்டர்களின் ரப்பர், குறைந்துபோன பிரேக் ஒயில், உள்ளே புகுந்த காற்று என்று பாருங்கள்.

இரண்டாம் கியர் மட்டும் காலையில் கடித்து, சூடானதும் சரியானால் கியர் ஒயிலைப் பாருங்கள். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம் போட்டால் கியர் கடிக்காமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு நல்லது. பின் அச்சின் டிஃபரன்ஷலுக்குத்தான் ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒரே கேனில் இருந்து ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒயிலை வடிக்குமுன் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், ஒயில் இல்லாத கியர் பெட்டியோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். வடித்த ஒயிலில் மினுமினுக்கும் பொன் தூள் சிங்க்ரோவின் தேய்மானம். இரும்புச் சில்லு வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இறக்கத்தில் கியர் தெறித்து நியூட்ரலுக்கு வருகிறது

இதை ஒருநாளும் தள்ளிப் போடாதீர்கள். நானுஓயாப் பக்கத்து ரதல்ல மாதிரியான இறக்கத்தில் இரண்டாம் கியரை நம்பித்தான் இறங்குகிறோம், அது தெறித்தால் பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். முதலில் கியர் பெட்டிக்கு அடியில் உள்ள ரப்பர் மவுண்டைப் பாருங்கள். அது அறுந்தால் பெட்டி ஆடி, கியர் நெம்பு தானாக இழுபடும். என் வண்டியில் அதுதான், மலிவாக முடிந்தது. மவுண்ட் நல்லது என்றால் உள்ளே நெம்பின் ஸ்பிரிங், குண்டு, ஃபோர்க் அல்லது சிங்க்ரோ ஹப் தேய்ந்திருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பழைய முழுப் பெட்டி வாங்குவது சில வேளை உள்ளே திருத்துவதைவிட லாபம். வாங்குமுன் ஒவ்வொரு கியரிலும் கையால் சுற்றிப் பாருங்கள்.

கியர் பக்கத்துச் சத்தங்கள்

நியூட்ரலில் உறுமி, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பெட்டியின் முன் பெயரிங். மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் கிளட்ச் ரிலீஸ் பெயரிங். எந்தக் கியரிலும், நியூட்ரலில் உருளும்போதும், வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால் டிஃபரன்ஷல் அல்லது சக்கரப் பெயரிங். எக்ஸிலேட்டரை விட்டு மிதிக்கும்போது டொக் என்றால், கியர் பெட்டியில் இருந்து அச்சுக்குப் போகும் நீளத் தண்டின் கிராஸ் மூட்டு. வண்டிக்குக் கல் வைத்துவிட்டு அடியில் படுத்துத் தண்டைக் கையால் திருகிப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.

நான்கு சக்கர இழுவை நெம்பு திரும்ப மறுக்கிறது

இது பழுதில்லை. சேற்றில் போட்டுவிட்டு, தார் ரோட்டில் வளைவுகளில் அப்படியே ஓட்டியிருப்பீர்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். நெம்பை அடித்து நெரிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து இரண்டு மூன்று மீட்டர் பின்னால் எடுங்கள், தானாக விழும்.